பரிசலுக்கு ஒரு நிழல்

கோயமுத்தூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பஞ்சு வியாபாரத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, பவானிக் கரையை ஒட்டிய தோட்டத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் தங்கி வருகிறவர். சென்ற வருஷம் அவருக்குத் திடீரென்று ஒரு பரிசல் வாங்க வேண்டுமென்று ஆசை வந்துவிட்டது. தோட்டத்துக் குட்டையில் பேரப்பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவர வேண்டுமாம். நல்ல ஆசைதான். பக்கத்து ஊரில் ஒரு கிழவரிடம் பரிசல் இருந்தது. விலையும் பேசி முடிந்தது. முன்பணத்தை வாங்கி மடியில் முடிந்துகொண்ட கிழவர், பரிசலை மட்டும் கொடுக்கவில்லை.

"ஏனுங்க, இதெ எங்கெ வெப்பீங்க? அதெச் சொல்லிப்போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாராம்.

நண்பர் என்னிடம் வந்து சிரித்தார். "பெண்ணைக் கொடுக்கிறவன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான் ஐயா!" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் போன பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. படகுகளைப் பற்றி எழுதியவர்களெல்லாம் அவை தண்ணீரில் போன கதையைத்தான் எழுதியிருக்கிறார்கள். சின்னப் படகு ஒன்று தன் ஆயுளில் பெரும் பகுதியைக் கரையில் அல்லவா கழிக்கிறது! அந்தக் கதையை யார் சொல்லியிருக்கிறார்கள்?

ஒருவர் சொல்லியிருக்கிறார். கிறிஸ்து பிறப்பதற்கு ஐந்நூறு வருஷங்களுக்குள் வாழ்ந்த கிரேக்கர் ஹிரோடோட்டஸ். பாபிலோன் நகரத்துக்கு ஆற்றோடு மிதந்து வந்த வட்டப் படகுகளை அவர் வர்ணிக்கிறார். அலரி மரம் போன்ற ஒரு வகைக் கொம்புகளை வளைத்துச் சட்டம் கட்டி, வெளியே தோல் போர்த்த படகு. ஒவ்வொன்றிலும் ஒரு கழுதையாவது ஏறி வரும். ஊர் வந்ததும் சரக்கை விற்பார்கள். சட்டத்தையும் விற்றுவிடுவார்கள். தோலை மட்டும் மடித்துக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு தரை வழியே ஊர் திரும்புவார்கள். நீரோட்டத்தை எதிர்த்து அந்தப் படகைச் செலுத்த முடியாது. படகை எங்கே வைப்பது என்ற கவலையே அவர்களுக்கு இல்லை!

நம் பக்கத்துச் சாட்சி ஒருவர் உண்டு. 1520-ஆம் ஆண்டை ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ். துங்கபத்திரையைக் கடக்கக் கூடை போன்ற வட்டப் படகுகள் இருந்தன, பிரம்பால் பின்னித் தோல் போர்த்தவை, பதினைந்து இருபது பேர் ஏறலாம், நேராகப் போகாமல் சுழன்று சுழன்றே போகும் என்று எழுதி வைத்தார். பரிசலில் ஒரு தடவை போய்த் தலைசுற்றிய எவரும் அவரை நம்புவார்கள். 1800-இல் தோண்டியா வாக்கைத் துரத்திய ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபு ஆனவர், கர்நாடக ஆறுகளைப் பட்டாளத்தோடு தாண்ட இதே கூடைப் படகுகளைத்தான் நம்பினார். சென்னை ராஜதானியின் மீன்துறைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1933-இல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

இவர்களுக்கெல்லாம் தெரிந்த பரிசல் நமக்குப் புதிதல்ல. காவிரி, பவானி, அமராவதி, நொய்யல் என்று ஆறுகள் பாயும் கொங்கு நாட்டில் ஒரு விசேஷம் உண்டு. அணைகள் வருமுன் இந்த ஆறுகள் வருஷம் முழுவதும் ஒரே மாதிரி ஓடியதில்லை. ஆடியில் பெருகும், ஐப்பசியில் மறுபடி பெருகும், பங்குனி சித்திரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே தாண்டலாம். ஆகவே பரிசலுக்குச் சில மாதம் ஆறு, சில மாதம் கரை. கரையில் இருக்கும் மாதங்களில் அதைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்குத்தான் அடுத்த ஆடியில் பிழைப்பு. தோல் ஈரத்தோடு கிடந்தால் அழுகும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் வெடிக்கும். நாயும் எலியும் வேறு அதற்குச் சொந்தம் கொண்டாடும்.

இதே கொங்குச் சீமையில் வேறொரு ஜாதிப் படகும் வந்து சேர்ந்தது. கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் உதகமண்டலத்தில் ஏரி வெட்டினார். நீலகிரி அப்போது கோயமுத்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்தது, 1868-இல்தான் பிரிந்தது. கொடைக்கானலில் 1863-இல் ஏரி அமைத்த லெவிஞ்ச் துரை, முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பார்கள். மோட்டார் ரோடு இல்லாத காலத்தில் அந்தப் படகு மலையேறியதை நினைத்துப் பாருங்கள்! 1890-இல் அங்கே படகுச் சங்கமும் ஏற்பட்டது. உல்லாசப் படகுக்கு ஒரு வீடு கட்டி வைக்கும் வழக்கம் இப்படித்தான் நம்மிடம் வந்தது.

ஆனால் பலகைப் படகின் சுபாவம் வேறு. பல மாதம் காய்ந்தால் பலகைகள் சுருங்கி, மூட்டுகள் வாய் திறந்துகொள்ளும். மறுபடி தண்ணீரில் விட்டதும் ஒழுகும். மரம் ஊறிப் பருத்த பிறகுதான் அடைபடும். அதற்கு மிதமான, ஈரக் காற்றுள்ள கொட்டகை நல்லது. பரிசலுக்கோ ஈரக் கொட்டகைதான் எமன். ஒன்றுக்கு உகந்த இடம் மற்றொன்றுக்கு ஆகாது. கோயமுத்தூரில் இதை யோசிக்காமல் படகு வாங்குகிறவர்கள் இரண்டு மழைக்காலத்துக்குள் விறகு வாங்கியதாக முடிகிறது.

1934-இல் மேட்டூர் அணையும் 1955-இல் பவானிசாகர் அணையும் முடிந்தன. பவானிசாகர் நீர் தேங்கிய இடத்தில் டணாயக்கன் கோட்டையும் அதன் பழைய கோயிலும் மூழ்கின; தண்ணீர் வற்றும் வருஷங்களில் இன்றும் தலைகாட்டுகின்றன. மனிதர்கள் நடந்த தெருவுக்கு மேலே பரிசல்கள் மிதந்து மீன் பிடித்தன. ஆற்றின் குறுக்கே பாலங்கள் வந்து, ஆள் கடத்தும் தொழில் போயிற்று. கொடிவேரியிலும் ஒகேனக்கலிலும் பரிசல் வேடிக்கை பார்க்க வருபவர்களின் வாகனமாயிற்று. தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் படுதாவும் தாரும் வந்தன. மாறாதது உள்ளே இருக்கும் மூங்கில் ஒன்றுதான்.

நண்பரோடு கிழவரைப் பார்க்கப் போனேன். நண்பர் மூன்று இடங்களை வரிசையாகச் சொன்னார். கிழவர் வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

"மொட்டை மாடியிலெ வெச்சா?"

"தாரு உருகிப் போயிருமுங்க. வெயிலுக்குப் படுதா பொரிஞ்சு உதுந்துரும்."

"கார் ஷெட்டிலே சுவரோடு நிறுத்தி வைக்கட்டுமா?"

"அது ஆவாதுங்க. ஒருக்களிச்சு நிறுத்துனா நாளாவட்டத்துல வட்டம் கோணிக்கும். காத்துப் போகாத எடத்துல மூங்கலு உளுத்துரும்."

"கட்டுத்தரைப் பக்கம்?"

கிழவர் யோசித்தார். "வைக்கப்போர் எத்தனெ தூரமுங்க?" என்றார். வைக்கோல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும் என்பது அவர் கணக்கு.

பிறகு தானாகவே சொன்னார். மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டிச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் இந்தப் பரிசலைக் கட்டினாராம். வண்டு தின்னும் மாவுச் சத்து அப்படி ஊறலில் கரைந்துபோகும். கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். விளிம்பு மண்ணைத் தொடக்கூடாது, கறையான் ஏறும். நாலு பக்கமும் கல் வைத்துத் தூக்கிவிட வேண்டும். அடியில் காற்று ஓட வேண்டும். மேலே கூரை நிழல் வேண்டும், மரநிழல் போதாது. இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியாக, "ஆத்தை ஒட்டி மட்டும் வெச்சுராதீங்க" என்றார். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கன அடி வந்தபோது, கரையில் கவிழ்த்திருந்த அவருடைய மற்றொரு பரிசல் போன இடம் தெரியவில்லை. சக்கை போல் லேசாக இருப்பதால்தான் பரிசலை ஓர் ஆள் தலையில் தூக்கிப் போகிறான். அதே காரணத்தால்தான் வெள்ளமும் சுலபமாகத் தூக்கிப் போகிறது.

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறானாம். பரிசல் தள்ளத் தெரியும், ஆனால் தள்ளுவதில்லை. இருந்த ஒரு பரிசலையும் விற்கிறவர், வாங்குகிறவனை ஏன் அத்தனை கேள்வி கேட்டார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நண்பரும் பிறகு சிரிக்கவில்லை.

கட்டுத்தரையின் வடக்குத் தாழ்வாரத்தில், வைக்கோல் போருக்கு எட்டத்தில், நாலு கருங்கல் போட்டு இடம் தயாராயிற்று. பரிசல் வந்த மறு வாரம் கிழவர் பஸ் ஏறிப் பார்க்க வந்தார். சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து அடியில் கையை விட்டுக் காற்று வருகிறதா என்று பார்த்தார். ஒரு கல்லை மட்டும் ஒரு சாண் தள்ளி வைத்தார்.

அதன் பிறகுதான் பாக்கிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்.