குட்டிக் கால்களும் மலை ராத்திரியும்

‘‘ஆறு வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு மலை ஏறப் போறியா? அதுவும் ராத்திரி மேலேயே தங்கப் போறியா? பைத்தியமா உனக்கு?’’

இன்றைக்கு யாரிடமாவது இப்படியொரு யோசனையைச் சொல்லிப் பாருங்கள்... இந்தப் பதில்தான் வரும். ஆனால், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியிடம் இதையே சொன்னால், ‘இதிலென்னப்பா அதிசயம்?’ என்று உங்களைத்தான் விநோதமாகப் பார்ப்பார். அவர் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு மலையேறி, கஞ்சி குடித்து, மடத்துத் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டு, மறுநாள் இறங்கி வந்தவராக இருக்கலாம்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கே நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். அதைப் பார்த்தபடியே எட்டுப் பத்து கிலோமீட்டர் போனால் செண்பகத்தோப்பு. தோப்புகள் முடிந்து காடு ஆரம்பிக்கிற இடம். உள்ளே காட்டழகர் கோயில் இருக்கிறது. பளியர் குடியிருப்பு இருக்கிறது. மரத்துக்கு மரம் தாவுகிற சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது. இந்த அணிலுக்காகத்தான் 1988-ல் இந்தக் காட்டைச் சரணாலயமாக அறிவித்தார்கள்.

இதே மலைத்தொடரில் வடக்கே தள்ளியிருப்பது சதுரகிரி. ஆடி அமாவாசை என்றால் லட்சக்கணக்கில் ஜனம் திரளும். தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து பெரியவர்களுக்கே நாலைந்து மணி நேரம் பிடிக்கிற ஏற்றம். மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை என்று பெயரே பாதையின் குணத்தைச் சொல்லிவிடும். அந்தப் பாதையில்தான் தோளில் உட்கார்ந்தபடியும், அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடியும் பிள்ளைகள் ஏறின.

எப்படி முடிந்தது? ராத்திரித் தங்கல் என்ற ஏற்பாடு இருந்ததால் முடிந்தது. மேலே போய்ச் சேர்ந்தால் மடத்தில் சாப்பாடு. படுக்கத் திண்ணை. இறங்குகிற கவலை மறுநாளுக்கு! ஒரே நாளில் ஏறி இறங்குவது பெரியவர்களுக்குச் சரி. குட்டிக் கால்களுக்கு அந்த நாளை இரண்டாக வெட்டிக் கொடுத்தால்தான் கட்டுப்படியாகும். மலை மடம் அந்த வேலையைத்தான் செய்தது.

வழிப்போக்கனுக்கு ஓர் இடம் என்பது நம் ரத்தத்திலேயே ஊறிய விஷயம். 1689-லிருந்து 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளைச் சாலைகளுக்காகவும் சத்திரங்களுக்காகவும்தான் ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. சத்திரம் கட்ட வசதியில்லாத ஊர்க்காரர்கள்கூட ஒன்று செய்தார்கள். சுமைதாங்கிக் கல்! இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒன்றைக் கிடத்துவார்கள். தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் ஒருத்தி சுமந்துபோன பாரத்துக்காக, உயிரோடு இருப்பவர்களின் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம். எப்பேர்ப்பட்ட மனசு, பாருங்கள்!

இப்போது கொஞ்சம் ஸ்விட்சர்லாந்து வரை போய்விட்டு வரலாம். அங்கேயும் இதே கதைதான்.

ஆல்ப்ஸ் மலையில், சுமார் 8,100 அடி உயரத்தில், கிரேட் செயின்ட் பெர்னார்ட் என்றொரு கணவாய். பனியில் சிக்கி அங்கே வழிப்போக்கர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். கி.பி.1050 வாக்கில் பெர்னார்ட் என்ற துறவி அங்கே ஒரு மடம் கட்டினார். வருகிறவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் இலவசம். நம் கஞ்சி மடமேதான்! அந்த மடத்துத் துறவிகள் வளர்த்த நாய்கள்தான் உலகப் புகழ்பெற்ற செயின்ட் பெர்னார்ட் நாய்கள். அதில் ‘பாரி’ என்ற நாய் நாற்பது பேரைக் காப்பாற்றியதாகவும், பனியில் கிடந்த ஒரு குழந்தையை முதுகில் சுமந்து வந்ததாகவும் கதை உண்டு. குழந்தைக் கதை நிஜமோ, கற்பனையோ... பாரி நிஜம். 1814-ல் இறந்த அதன் பாடம் செய்த உடலை பெர்ன் நகர மியூசியத்தில் இன்றும் பார்க்கலாம்.

1863-ல் ஸ்விஸ் ஆல்பைன் கிளப் தொடங்கப்பட்டது. அதே வருஷம் டோடி என்ற சிகரத்தின் பக்கம் முதல் மலைக்குடிலைக் கட்டிவிட்டார்கள். இன்று அந்தக் கிளப்பிடம் 150-க்கும் மேற்பட்ட குடில்கள் இருக்கின்றன. கோடையில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமாக ஏறி, நீளமான படுக்கையில் வரிசையாகப் படுத்துத் தூங்கிவிட்டு வருகிறார்கள். அங்கே கூரையைவிட முக்கியமான பொருள் ஒன்று உண்டு. ஒரு நோட்டு! யார் வந்தார்கள், எத்தனை பேர், அடுத்து எங்கே போகிறார்கள் என்று அதில் எழுத வேண்டும். வராதவர்களை எங்கே தேடுவது என்று அதை வைத்துத்தான் தெரியும். வானிலை சரியில்லை என்றால், ‘இன்னிக்கு மேலே போகாதீங்க’ என்று சொல்ல அங்கே ஓர் ஆளும் உண்டு.

நம் மலை மடங்களில் கூரை இருந்தது. சோறு இருந்தது. மனசும் இருந்தது. நோட்டுதான் இல்லை.

அதற்கான விலையை 2015-ல் கொடுத்தோம். மே மாதம், அமாவாசைக்காக சதுரகிரிக்குப் போயிருந்தவர்களைக் காட்டாற்று வெள்ளம் சூழ்ந்தது. பலர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மேலே சிக்கிக்கொண்டார்கள். இந்த மலைகளின் சுபாவம் அப்படி. அடிவாரத்தில் பொட்டுத் தூறல் இருக்காது. உச்சியில் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும்... செங்குத்தான பாறை தண்ணீரைக் குடிக்காது, அப்படியே கீழே தள்ளிவிடும். கணுக்கால் அளவு ஓடிய ஓடை, கண்மூடித் திறப்பதற்குள் ஆளை இழுக்கும்.

அதன் பிறகு மேலே இரவில் தங்கத் தடை வந்தது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நேரக் கட்டுப்பாடு வந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் இன்னொரு இடி. கொழுக்குமலையில் இரவு தங்கிவிட்டு இறங்கியவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 23 பேர் பலியானார்கள். அந்த வருஷமே மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

கவனித்தீர்களா? ஸ்விட்சர்லாந்தில் சாவு நடந்தபோது குடில் கட்டினார்கள். நாம் கதவைச் சாத்தினோம்.

உடனே, ‘அப்படின்னா நாமும் மேலே குடில் கட்டிடலாமே’ என்று கிளம்பிவிடாதீர்கள். ஆல்ப்ஸ் உச்சியில் யானை கிடையாது. செண்பகத்தோப்பும் சதுரகிரியும் 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். வைகை பிறக்கிற மலைகள் இவை. இரவில் இந்தப் பாதைகள் யானைக்குச் சொந்தம். லட்சம் பேர் மேலே படுத்துத் தூங்கி, லட்சம் பேரின் குப்பையை ஓடையில் விட்டுவிட்டு வந்தால் காடு தாங்காது. தடைக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால், ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரியவருக்கு ஐந்து மணி நேரம் என்றால் பிள்ளைக்கு ஏழு. காலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும் மேலே போய்ச் சேர மதியம் ஒரு மணி. அதற்குப் பிறகு, கால் ஓய்ந்து, தூக்கம் சொக்கி, எரிச்சலில் அழுதுகொண்டு இறங்க வேண்டும். கோடையிலும் ஐப்பசியிலும் மேகம் திரண்டு மழை கொட்டுகிற நேரமும் பெரும்பாலும் அதே பிற்பகல்தான்! பழைய மடம் இருந்தபோது அந்த நேரத்தில் பிள்ளை திண்ணையில் தூங்கிக்கொண்டிருக்கும். இன்று ஓடையைக் கடந்துகொண்டிருக்கும். ராத்திரியைத் தடுத்தோம், சரி. அந்த இடத்தில் வேறு எதை வைத்தோம்?

அதனால், பிள்ளையோடு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முந்தின இரவை அடிவாரத்து ஊரிலேயே தூங்கிக் கழியுங்கள். ‘பதினோரு மணி ஆனா, எங்கே நின்னாலும் திரும்பிடணும்’ என்று கிளம்பும்போதே பேசி முடிவெடுங்கள். உச்சியைப் பார்த்துவிட்டு வந்தால்தான் போனதாகக் கணக்கு என்பது பெரியவர்களின் வியாதி. பிள்ளைக்கு ஓர் அணில் போதும். தோளில் தூக்கிச் செல்கிற குழந்தை நடப்பதில்லை. உங்களுக்கு வியர்க்கும்போது அதற்குக் குளிரலாம். தொட்டுப் பாருங்கள். ஓடையில் தண்ணீர் கலங்கினாலோ, திடீரென்று சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, இருக்கிற கரையிலேயே மேடேறி நில்லுங்கள்.

2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளைத் திறந்தது. முன்பதிவு உண்டு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உண்டு. செண்பகத்தோப்பு - புதுப்பட்டி பாதையும் அதில் ஒன்று. நோட்டு ஒருவழியாக வந்துவிட்டது! சின்னப் பிள்ளைகளுக்கு எளிய பாதைகள்தான் ஏற்றவை. கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. புலிக்கும் யானைக்கும் இடைஞ்சல் இல்லாமல், காட்டுக்கு வெளியே, தாணிப்பாறையிலும் செண்பகத்தோப்பிலும் ஆளுக்கொரு எளிய தங்குமிடம். பிள்ளைகளோடு வருகிற குடும்பம் முந்தின இரவு படுக்க ஓர் இடம். வாசலில் ஒரு நோட்டு. மலையில் மழையா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள். இவ்வளவுதான்.

செத்துப்போன ஒரு பெண்ணுக்காகச் சுமைதாங்கிக் கல் நட்ட ஊர் இது. 2015-ல் ஓடையோடு போனவர்களுக்காக இதையாவது கட்ட வேண்டாமா?