எண் இல்லாதவனுக்கு வண்டி

அட்டன் புகையிரத நிலையத்தின் வாசலில், மாலைத் தூறலில் நின்றுகொண்டிருந்தேன். நோர்வூட் செல்ல வேண்டும். கைபேசிச் செயலியில் வாடகை வண்டி அழைக்க முயன்றால், சரிபார்ப்பு எண் குறுஞ்செய்தியில் வரும் என்றது. வெளிநாட்டு இணைப்பு வசதி இல்லாத என் சென்னை எண்ணுக்கு அது எங்கே வரும்? கட்டுநாயக்க விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கியிருக்கலாம். சோம்பல்.

ஆட்டோக்காரர் ஒருவர் கவனித்துவிட்டார். "நம்பர் இல்லாட்டி என்னாங்கய்யா, ஏறுங்க."

வழியெல்லாம் ஒரு தகர வில்லையின் நினைவாகவே இருந்தது.

இம்மலைகளுக்கு வந்த முதல் தலைமுறையினரிடம் எண்ணும் இல்லை, வண்டியும் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தோர் பலர். 2023இல், மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டையொட்டி, அவர்கள் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது.

புகையிரதம் அட்டனை எட்டியது 1884இல். அடுத்த ஆண்டு நானுஓயா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'டின் டிக்கெட்' முறை வந்தது. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண் பொறித்த தகர வில்லை அது. கழுத்தில் கட்டிக்கொண்டால் போதும். கையில் காசு வேண்டாம். போகுமிடத்தின் பெயரை உச்சரிக்கவும் தெரிய வேண்டாம். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் ஓடத் தொடங்கியபின் பயணம் இன்னும் எளிதாயிற்று. எண்ணைப் பார்த்து ஆளை உரிய தோட்டத்தில் சேர்ப்பித்தார்கள்.

இலவசம் என்று எண்ணிவிட வேண்டாம். வழிச்செலவைத் தோட்டம் கங்காணியின் பற்றில் எழுதியது; கங்காணி அதைத் தொழிலாளியின் தலையில் எழுதினான். பேரேட்டை வாசிக்கத் தெரியாதவன் பல ஆண்டுகள் கொழுந்து பறித்து அந்தப் பயணத்துக்குக் கூலி கொடுத்தான். வேறு தோட்டம் போக விரும்பினால் 'துண்டு' வேண்டும்: இவன் கடன் இவ்வளவு, தீர்த்தால் விடுவிப்போம் என்னும் சீட்டு. வரும்போது எண், போகும்போது துண்டு! 1921இல்தான் சட்டம் துண்டை ஒழித்தது.

ஆட்டோக்காரரிடம் இதைச் சொன்னேன். அவருக்குத் தகர வில்லை புதுச் செய்தி. அடையாள அட்டையின் கதையை அவர் எனக்குச் சொன்னார்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, முடிவு செய்யப்படாதோர் 1,50,000. பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. நாடற்ற நிலையின் எச்சம் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீடித்தது.

"எங்கப்பாவுக்கு ஐ.சி. கெடைச்சப்ப எனக்குக் கல்யாணமே ஆயிருச்சுங்கய்யா" என்றார். கடவுச்சீட்டை நீட்டினால் ஐந்து நிமிடத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் சிம்மை, இங்கேயே பிறந்த அந்த மனிதர் தம் பெயரில் வாங்க அதுவரை வழியில்லை.

நோர்வூட்டில் இறங்கியபோது பேருந்துச் சீட்டொன்றின் பின்புறம் தம் எண்ணை எழுதித் தந்தார்; திரும்பும்போது அழைக்க வேண்டுமாம். இரவு ஏழு மணிக்குத் தேநீர்க் கடைக்காரரின் கைபேசியை இரவல் வாங்கி அழைத்தேன். இருபது நிமிடத்தில் வந்துவிட்டார்.