ஏரிக்குள்ளே ஒரு பஜார்

பாண்டி பஜாரில் பையும் கையுமாக நிற்கிறீர்கள். அப்படியே நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் பாருங்களேன்... காலுக்குக் கீழே தரை இருக்காது, தண்ணீர்தான்!

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுன்ட் ரோடுக்கு மேற்கே, பிறை மாதிரி நீண்டு கிடந்தது ஓர் ஏரி. வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'லாங் டேங்க்'. அந்த ஏரிக்குள்தான் இன்றைய தி.நகர் இருக்கிறது.

சென்னை, கடலைப் பார்த்து லேசாகச் சரிந்த ஊர். மேற்கே பெய்யும் மழை கிழக்கே ஓடி வீணாகாமல், தாழ்வான பக்கத்தில் கரை போட்டு நிறுத்தினார்கள் நம்மவர்கள். மதகைத் திறந்தால் வயலுக்குப் பாயும். நிரம்பினால் கலங்கல் வழியே வெளியேறும். அவ்வளவுதான் ஏரி சூட்சுமம்.

ஊர் பெருத்தது. குடியிருக்க இடம் வேண்டுமே? 1920-களில் ஏரியை வடித்து மனை போட்டார்கள். அப்போது நீதிக்கட்சி ஆட்சி. 1925-ல் மறைந்த பிட்டி தியாகராயர், ஊருக்கே பெயரானார். அரசின் தலைமை அமைச்சராக இருந்த பனகல் அரசர், பூங்காவானார். முகமது உஸ்மான், சாலையானார். பாண்டி பஜாருக்கும் பாண்டிச்சேரிக்கும் சம்பந்தமில்லை. அந்தப் 'பாண்டி', டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன். ஒரு கட்சியின் குரூப் போட்டோவையே தெருத்தெருவாக மாட்டி வைத்த மாதிரி!

அப்போ ஏரிக்குப் பெயர்ப்பலகை? அதுவும் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. அங்கே நின்று தேடினாலும் லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா. அந்தப் பக்கத்து ஏரி நிலத்தில்தான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

மனிதர்களுக்குத்தான் பெயர்ப்பலகை வேண்டும். தண்ணீருக்குப் பள்ளம் தெரிந்தால் போதும். வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி, தி.நகர் வழியாக அடையாறுக்குப் போகிற மாம்பலம் கால்வாய் ஒன்றுதான் அதற்கு நாம் விட்டுவைத்த வழி. ஓர் ஏரி தாங்கிய மழையை ஒரு கால்வாய் தாங்குமா? 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தி.நகர், மாம்பலம் தெருக்களில் தண்ணீர் ஏறியபோது 'வெள்ளம் வந்துவிட்டது' என்று அலறினோம். உண்மையில், ஏரி தன் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தது.

ஆகவே, மனை வாங்கப் போகிற நண்பர்களே... முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறீர்கள், நல்லது. அப்படியே அந்த ஊரின் நூறு வருஷப் பழைய வரைபடத்தையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். தண்ணீருக்கு இருக்கிற பாத்தியதை, எந்த வில்லங்கச் சான்றிதழிலும் வராது!