ஐந்தாம் படைவீடு எது? அறுபடைவீட்டு யாத்திரை உருவான வரலாறு

முருகன் அடியவர்களிடையே இன்று மிகப் பரவலாக இருக்கும் யாத்திரை அறுபடைவீட்டுப் பயணம். திருத்தணி, சுவாமிமலை, பழனி, பழமுதிர்சோலை, திருப்பரங்குன்றம், திருச்செந்தூர் ஆகிய ஆறு தலங்களையும் ஒரே பயணத்தில் சேவித்துத் திரும்பும் பேருந்துகள் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கிளம்பியபடியே இருக்கின்றன. இந்து சமய அறநிலையத் துறையே 2024-இல் மூத்த குடிமக்களை இந்த ஆறு தலங்களுக்கும் கட்டணமின்றி அழைத்துச் செல்லத் தொடங்கியது. நக்கீரர் காலம் முதல் இடையறாது நடந்துவரும் யாத்திரை இது என்பது பொது நம்பிக்கை. சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. ஆறு என்ற எண்ணிக்கை மிகப் பழையது. ஆறு தலங்களில் பலவற்றுக்குத் தனித்தனியே நடந்த யாத்திரைகளும் பழையவை. ஆனால், ஒரே அடியவர் சுற்றி முடிக்க வேண்டிய, இன்னின்ன ஊர் என்று வரையறுத்த ஆறு தலங்களின் தொகுதி கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் அச்சும் ரயிலும் மொழிவழி மாநிலமும் திரைப்படமும் சேர்ந்து இறுக்கிக் கட்டியது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

பத்துப்பாட்டின் முதல் பாட்டும் பதினோராம் திருமுறையின் ஒரு பகுதியுமான, நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படை 317 அடிகளில் ஆறு பகுதிகளாக அமைந்தது. திருப்பரங்குன்றம், திருச்சீரலைவாய் (திருச்செந்தூர்), திருவாவினன்குடி (பழனி), திருவேரகம், குன்றுதோறாடல், பழமுதிர்சோலை என்பன அவற்றின் தலைப்புகள். முதல் நான்கும் ஊர்ப் பெயர்கள் என்பதில் ஐயமில்லை. இன்று திருத்தணியாகக் கொள்ளப்படும் ஐந்தாவது அப்படியன்று. அங்கே ஊர் எதுவும் சுட்டப்படவில்லை. வேலன் வெறியாடுவதும், குறவர் தேறல் உண்டு தொண்டகப்பறை முழக்கிக் குரவை ஆடுவதும், மகளிர் சூழ முருகன் மலைதோறும் ஆடுவதும்தான் அந்தப் பகுதி முழுவதும். ஆறாவது பகுதியோ இன்னும் விரிவானது. ஊர்தோறும் எடுக்கும் விழா, காடு, சோலை, ஆற்றிடைக்குறை, குளம், நாற்சந்தி, கடம்ப மரத்தடி, மன்றம், பொதியில், கந்துடை நிலை என்று முருகன் உறையும் இடங்களை அடுக்கிக்கொண்டே போய், அருவி பாயும் ஒரு மலையின் வருணனையில் பாட்டு முடிகிறது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லும் வழியும் பாட்டில் இல்லை. ஆறையும் முறையாகச் சுற்றி வர வேண்டும் என்ற ஆணையும் இல்லை. பரங்குன்றில் இருப்பவன் அலைவாயிலும் உறைவான், ஆவினன்குடியிலும் உறைவான் என்று முருகனின் இருப்பைப் பரப்பிக்கொண்டே போவதுதான் புலவரின் போக்கு. ஊரில் தொடங்கி எங்கும் என்பதில் சென்று முடியும் அந்தப் போக்கைப் பிற்காலம் ஆறு ஊர்களாக நிறுத்தியது.

அந்த நிறுத்தம் உடனே நடந்துவிடவில்லை. சிலப்பதிகாரத்தின் குன்றக்குரவை செந்தில், செங்கோடு, வெண்குன்று, ஏரகம் என்று நான்கு இடங்களைச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் பரங்குன்றமும் இல்லை, ஆவினன்குடியும் இல்லை. கச்சியப்பரின் கந்தபுராணம் கடவுள் வாழ்த்துப் பகுதியில் நக்கீரரின் ஆறு பெயர்களையும் வரிசையாகப் பாடிவிட்டு, ஏழாவதாகக் காஞ்சிக் குமரகோட்டத்தையும் சேர்க்கிறது. குன்றுதோறாடலுக்கான செய்யுள் குன்றுகள்தோறும் ஆடும் குமரனைப் பாடுகிறதே ஒழிய, எந்த ஒரு மலையையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. அதே நூலின் பிற்பகுதியில் செருத்தணி என்ற பெயரில் திருத்தணி வருகிறது; வள்ளியை மணந்த முருகன் அங்கே அமர்ந்து அந்த மலையின் பெருமையைச் சொல்வதாகக் கதை நடக்கிறது. திருத்தணியின் சிறப்பை நன்கு அறிந்த புலவர், குன்றுதோறாடலோடு அதை இணைத்தாரில்லை. அருணகிரிநாதரிடம் இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. திருத்தணிக்கு அவர் பாடிய திருப்புகழ்கள் ஏராளம். குன்றுதோறாடல் என்ற தலைப்பில் பதிப்புகள் தரும் பாடல்கள் தனியே சில. அவற்றுள் பலரும் அறிந்த பாடல் ஒன்று, பல குன்றுகளிலும் அமர்ந்தவனே என்று முருகனை விளித்து முடிகிறது. 15ஆம் நூற்றாண்டில் குன்றுதோறாடல் வேறு, தணிகை வேறு. 19ஆம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் பெயரில் வழங்கும் ஆறு கவசங்களில்கூட ஐந்தாவது குன்றுதோறாடும் குமரனுக்கு உரியதாகவே பெயர் பெற்றிருக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அருணகிரிநாதரே ஆறு திருப்பதி என்று தொகுத்துச் சொல்லியிருக்கிறாரே, அப்படியானால் தொகுதி 15ஆம் நூற்றாண்டிலேயே உறுதிப்பட்டுவிட்டது என்றுதானே பொருள் என்று கேட்கலாம். தொகுதி என்ற கருத்து அன்றே இருந்தது என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆறுமுகம், ஆறெழுத்து, ஆறாதாரம் என்று ஆறை மையமாக வைத்த ஒரு சமய மரபில் ஆறு தலங்கள் என்ற எண்ணம் நிலைபெற்றது இயல்பே. அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் கிளோதி இந்த ஆறு தலங்களை உடலின் ஆறு ஆதாரங்களோடு பொருத்தி விளக்கியதும் இந்த அடிப்படையில்தான். ஆனால், எண்ணிக்கை உறுதிப்படுவது ஒன்று, இடம் உறுதிப்படுவது இன்னொன்று. தியானத்தில் ஆறு இடத்தையும் நினைப்பதற்கு ஐந்தாவது எந்த ஊர் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. கால்நடையாகவோ வண்டியிலோ செல்பவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். அருணகிரிநாதரே ஆறோடு நின்றவரல்லர். இருநூற்றுக்கும் மேற்பட்ட தலங்களைப் பாடியவர், கடல் கடந்து கதிர்காமத்தையும் பாடியவர். அவருடைய யாத்திரைப் பரப்பில் ஆறு திருப்பதி ஒரு புகழ்மொழி. பயணத் திட்டம் அன்று.

ஐந்தாவது மட்டும்தான் சிக்கல் என்றும் இல்லை. ஏரகம் மலைநாட்டில் உள்ள ஒரு திருப்பதி என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். ஈர ஆடை உடம்பிலேயே உலர, கைகளைத் தலைமேல் கூப்பி அந்தணர் வழிபடும் காட்சியை நக்கீரர் ஏரகத்துக்குத் தந்திருப்பதையும், ஈரத்துணியோடு கோயிலுக்குள் நுழையும் சேரநாட்டு வழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் உரையாசிரியரின் கருத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் அருணகிரிநாதரின் பாடல்களில் ஏரகம் காவிரிக் கரையின் சுவாமிமலைதான். 14ஆம் நூற்றாண்டின் உரையாசிரியரும் அவருக்கு அடுத்து வந்த பெரும்பாடகரும் ஒரே தலத்தை வேறு வேறு நாடுகளில் காண்கிறார்கள் என்றால், மரபு அன்று இன்னும் இளகிய நிலையில் இருந்தது என்றே கொள்ள வேண்டும். பழமுதிர்சோலையை அழகர்மலையோடு இணைப்பதற்கும் சோலைமலையைப் பாடும் திருப்புகழ்கள் சான்று தருகின்றன. ஆயினும் பரிபாடலும் சிலப்பதிகாரமும் ஆழ்வார்களும் அந்த மலையைத் திருமாலின் இடமாகவே போற்றினார்கள். அழகர்கோயிலுக்கு மேலே, நூபுரகங்கைக்குப் போகும் வழியில் இன்று நாம் காணும் முருகன் கோயிற் கட்டடம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதற்கு முன் அங்கே வேல் வழிபாடே இருந்தது. ஐந்து தலங்களே உறுதியானவை, ஆறாவது இடத்தை ஏனைய முருகன் தலங்கள் யாவும் நிரப்புகின்றன என்று கிளோதி 1970களில் எழுத நேர்ந்ததே, தொகுதி அண்மைக்காலம்வரை முழுவதும் மூடப்படாமல் இருந்ததைக் காட்டுகிறது.

தேவாரத் தலங்களும் நூற்றெட்டுத் திருப்பதிகளும் இப்படித் தவித்ததில்லை. பதிகமும் பாசுரமும் ஊர்ப் பெயரோடு இருந்ததால் அந்தப் பட்டியல்களைத் தொகுப்பது எளிதாயிற்று. திருப்பரங்குன்றத்தையே எடுத்துக்கொள்வோம். சம்பந்தரும் சுந்தரரும் அதைச் சிவத்தலமாகப் பாடினார்கள். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரையில் நடுச்சுவரில் நிற்பவள் கொற்றவை. முருகன் தெய்வயானையோடு அமர்ந்திருப்பது அவளுக்கு ஒரு பக்கத்தில். சிவனும் திருமாலும் எதிரெதிர்க் கருவறைகளில். புடைப்புச் சிற்பமான மூலவருக்கு அபிடேகம் கிடையாது, அவர் கை வேலுக்கே அபிடேகம். இந்தக் குடைவரைக்கு அன்று வந்த யாத்திரிகர் பாடல்பெற்ற சிவத்தலத்துக்கு வந்தவராகவும் இருக்கலாம். முதற்படைவீடு என்ற அடையாளம் மற்றவற்றையெல்லாம் விஞ்சியது பின்னால் நிகழ்ந்தது.

சரி, மக்கள் நடைமுறையில் எங்கே போனார்கள்? ஒவ்வொரு தலத்துக்கும் தனி வட்டாரம் இருந்தது, தனிப் பருவம் இருந்தது, தனி நேர்த்திக்கடன் இருந்தது. பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு நாட்டார் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் முகந்து காவடியாகச் சுமந்து பழனிக்கு நடக்கிறார்கள். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி செட்டிநாட்டிலிருந்து குன்றக்குடி வழியாகப் பழனிக்கு வருகிறது. ஆடிக் கிருத்திகைக்குப் புட்பக் காவடியோடு தணிகைமலை ஏறுபவர் பெரும்பாலும் தொண்டைநாட்டாரும் ஆந்திரத்தின் தென்பகுதியினரும். ஐப்பசியில் சூரசங்காரத்துக்குச் செந்தூர்க் கடற்கரையில் கூடுபவர் தென்பாண்டி நாட்டார். இந்த வழிநடைகளின் கட்டமைப்பைக் கவனித்தால் ஒன்று புலப்படும்: இவை எல்லாம் ஒரு தலத்தை நோக்கிச் சென்று அங்கேயே முடிபவை. பழனிக்குக் காவடி எடுத்தவர் அங்கிருந்து சுவாமிமலைக்குப் போனால்தான் நேர்த்திக்கடன் நிறைவடையும் என்று எந்த வட்டாரமும் கருதவில்லை. பழனிக்குள்ளேயே நக்கீரர் சொன்ன ஆவினன்குடி அடிவாரக் கோயில். கூட்டம் ஏறுவதோ மலைமேல் தண்டாயுதபாணியிடம். முதலில் அடிவாரத்தில் வணங்கிவிட்டு மலையேறும் வழக்கம் இரண்டையும் இணைத்து வைத்திருக்கிறது. அவசரமாக வரும் சுற்றுலாக் குழு அடிவாரத்தைத் தவறவிட்டால், நூல் சொன்ன தலத்தையே தவறவிட்டதாகும்.

இந்தத் தனித்தனி வழிகளை ஒன்றாகப் பின்னிய முதல் விசை அச்சு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆறுமுக நாவலர் திருமுருகாற்றுப்படையைப் பதிப்பித்தார். 1889-இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார். இவற்றைவிட யாத்திரை வரலாற்றில் பெரிய மாற்றம் செய்தது திருப்புகழ்ப் பதிப்பு. மாவட்ட முன்சீபாகப் பணியாற்றிய வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை சுவடி தேடித் தொகுத்து, முதல் பாகத்தை 1894-இலும் இரண்டாம் பாகத்தை 1901-இலும் அச்சிட்டார். அவர் மகன் வ.சு.செங்கல்வராய பிள்ளை தணிகைமணி என்றே அறியப்பட்டவர். திருப்புகழுக்கு உரை எழுதியவர். பாடல்களைத் தலவரிசையில் அடுக்கி, அறுபடைவீடுகளை முன்னே வைக்கும் பதிப்பு முறை வாசகர் கையில் ஒரு வரைபடத்தையே கொடுத்தது. இந்தப் பதிப்பாசிரியர்கள் தணிகை முருகனிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அதே காலத்தில் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் திருப்புகழைப் பாட்டாக ஊர் ஊராகப் பரப்பினார். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளை அதிகாரிகளைச் சென்று வாழ்த்துவதற்குப் பதில் தணிகை வேலனைச் சென்று வணங்குவோம் என்று அவர் தொடங்கிய படித்திருவிழா இன்றும் நடக்கிறது. டிசம்பர் 31 அன்று, ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாகக் கணக்கிடப்படும் 365 படிகளிலும் படிக்கொரு பூசை செய்து திருப்புகழ் பாடியபடி ஏறுகிறார்கள். தணிகையின் புகழ் வட்டார எல்லையைக் கடந்து சென்னை நகரத்து அலுவலர் குடும்பங்களிடையே வேரூன்றியது இப்படித்தான். சென்னையிலிருந்து ரயிலில் போய்வரும் தொலைவில் அது இருந்ததும் துணை செய்தது. திருச்செந்தூருக்கு 1923-இலும் பழனிக்கு 1928-இலும் ரயில் வந்த பிறகுதான், விடுமுறையில் கிளம்பும் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு ஆறையும் பார்ப்பது எட்டக்கூடிய காரியமாயிற்று.

இரண்டாவது விசையை நம் சமய வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசவில்லை. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சிவஞானம் தலைமையில் தமிழரசுக் கழகம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் மையக் கோரிக்கைகளில் ஒன்று அதை மீட்பது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஓர் ஊர் தமிழர் உரிமையின் அடையாளமாகப் பேசப்பட்ட அதே ஆண்டுகளில், முருகன் தமிழ்க் கடவுள் என்ற முழக்கமும் உரத்து ஒலித்தது. குன்றுதோறாடல் திருத்தணிதான் என்ற அடையாளம் பொதுமனத்தில் அசையாமல் அமர்ந்ததற்கு இந்தச் சூழலும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. விளைவைப் பாருங்கள்: வடக்கே திருத்தணி, தெற்கே செந்தூர் என ஆறு வீடுகளும் தமிழ்நாட்டின் எல்லைக்குள் அடங்கின. நச்சினார்க்கினியர் சொன்ன மலைநாட்டு ஏரகத்துக்கு இந்த வரைபடத்தில் இடமில்லை. கதிர்காமத்துக்கும் இல்லை.

மீதியைத் திரைப்படம் செய்தது. ஏ.பி.நாகராசனின் கந்தன் கருணை 1967-இல் வந்தது. அதில் நக்கீரராக நடித்த சீர்காழி கோவிந்தராசன் பாடும் பாட்டு ஆறு தலங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டிச் செல்கிறது. அவற்றில் திருத்தணியும் ஒன்று. திருமுருகாற்றுப்படையில் பெயர் வராத ஊரை, அதைப் பாடிய புலவரின் வாயிலாகவே தமிழுலகம் கேட்டது. ஏடு படித்தவர்களுக்குள் இருந்த விவாதம் திரையரங்கில் முடிந்துவிட்டது.

அப்படியானால் அறுபடைவீட்டு யாத்திரை செயற்கையானது என்கிறீர்களா என்று மனம் நொந்து கேட்பவர் உண்டு. அந்த முடிவுக்கு இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை. செந்திலும் பரங்குன்றமும் ஆவினன்குடியும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழிபடப்படும் தலங்கள். அவற்றை இணைக்கும் கயிறு புதியது, அவ்வளவே. பக்தி மரபு எக்காலத்திலும் தனக்குக் கிடைத்த சாதனங்களைக் கொண்டே தன் வழிகளை அமைத்துக்கொண்டது. ஏடும் கல்வெட்டும் செய்த வேலையை அச்சும் ரயிலும் தொடர்ந்தன. மறுப்பு உரியது ஒன்றே ஒன்றுக்கு: இன்றைய பட்டியலைக் கொண்டு பழைய நூலைத் திருத்தி வாசிப்பதற்கு. குன்றுதோறாடல் ஒரே மலை என்று கொண்டால், நக்கீரர் பெயர் சுட்டாமல் போற்றிய எண்ணற்ற மலைக்கோயில்கள் பட்டியலுக்கு வெளியே போய்விடும். அப்படி வெளியே நிறுத்தப்பட்ட தலங்கள் சும்மா இருக்கவும் இல்லை. 1972-இல் தெய்வம் படத்தில் மதுரை சோமு பாடிய பாட்டால் நாடறிந்த மருதமலையை அதன் அடியவர்கள் ஏழாம் படைவீடு என்கிறார்கள். வேறு சில மலைகளுக்கும் அதே உரிமை பேசப்படுகிறது. ஐந்தாம் பகுதி திறந்தபடி இருந்தவரை, மருதமலைக்கு ஏழு என்ற எண் தேவைப்பட்டிருக்காது. அது ஐந்தாவதிலேயே அடங்கியிருக்கும்.