பாசி எண்ணெயும் மறதியும்

பாசியிலிருந்து எரிபொருள் எடுப்பது புதிய எண்ணமன்று. 1970களின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதியாக இருந்த 1978 இல், அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் இதற்கென ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 3,000 பாசி வகைகள் திரட்டப்பட்டன. நியூ மெக்சிக்கோவின் றோஸ்வெல் நகரில் திறந்த தடாகங்கள் அமைத்துப் பாசி வளர்த்தனர். இரவுக் குளிர் விளைச்சலைக் குறைத்தது. நைதரசன் ஊட்டத்தை நிறுத்தினால் பாசியில் எண்ணெய் கூடியது, வளர்ச்சியோ குன்றியது. இந்தச் சிக்கல் தீருமுன்னரே, எண்ணெய் மலிந்து அரச நிதியும் சுருங்கிய 1996 இல் திட்டம் மூடப்பட்டது. மொத்தச் செலவு ஏறத்தாழ 25 மில்லியன் டொலர் மட்டுமே.

2008 யூலையில் மசகு எண்ணெய் பீப்பாய்க்கு 147 டொலரைத் தொட்டது. பாசி மீண்டும் செய்தியாயிற்று. நானும் ஆர்வத்துடன் எழுதினேன். 2009 இல் எக்ஸொன்மொபில் நிறுவனம் இந்த ஆய்வில் இறங்கியது. 2023 இல் அது விலகிக்கொண்ட செய்தி வெளியானபோது நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

விலை ஏறினால் விழித்து, இறங்கினால் உறங்கிவிடுவது அரசுகளின் வழக்கம் மட்டுமன்று, பத்திரிகையாளரான எங்களுடையதும்தான். அடுத்த நெருக்கடியில் பாசியைப் புதுமை என்று யாரேனும் எழுதினால், அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.