நம் வீட்டு ஆகஸ்டு

பாடநூலில் படிக்கும் மூன்று ஆகஸ்டு நாள்கள் நம் வீட்டுச் சரித்திரமும் ஆகும்.

31.8.1957: மெர்டேக்கா அரங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை 'மெர்டேக்கா' என முழங்கினார். சபுர் வந்த நம் முன்னோர் பலர் குடியுரிமை பெற்று இங்கேயே வேரூன்ற வழி விரிந்தது.

9.8.1965: சிங்கப்பூர் பிரிந்தது. அங்கே அண்ணன், கோலாலம்பூரில் தம்பி எனக் கடை நடத்திய குடும்பங்கள் இரு நாட்டுக் குடிகளாயின.

27.8.1965: அடுத்த பதினெட்டாம் நாள், கோலாலம்பூரில் தேசியப் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே மலாய்க்காரரும் நாமும் ஒரே சஃப்பில் தொழுகிறோம்.

பத்துமலை வட்டாரத்துப் பிள்ளைகளே! அந்நாள்களில் எங்கிருந்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று நன்னா, நன்னிமாவிடம் கேட்டு எழுதிவையுங்கள். அவர்களோடு அந்த நினைவும் மறைந்துவிடக் கூடாது.