'அல்லது ஓர் உள்ளாட்சி அமைப்பு': போதை மீட்பில் பஞ்சாயத்தின் இடம் குறித்து

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி, கஞ்சாவை விட வேண்டும் என்று ஒரு மாதம் தங்கிச் சிகிச்சை பெற விரும்பினால் அந்தப் படுக்கைக்குப் பணம் கட்டுவது யார் பொறுப்பு? இங்கிலாந்தில் 2013 ஏப்ரல் முதல் இது உள்ளூர் கவுன்சிலின் வேலை. இங்கே அப்படியொரு வழக்கம் வளரவில்லை. அதற்கு என் ஆசிரியர் ஒருவர் சொல்லிவந்த காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

மது மாநிலத்தின் கையில், போதைப்பொருள் சட்டம் மத்திய அரசின் கையில். பஞ்சாயத்து நுழைய வாசலே இல்லை என்பார் அவர். அவர் அடுக்கும் சான்றுகள் லேசானவை அல்ல. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971-இல் அதன் தளர்வு, 1983-இல் டாஸ்மாக், 2003-இல் சில்லறைக் கடைகள் என எல்லாமே கோட்டையின் முடிவுகள். சிகிச்சையிலும் அதே கதைதான். 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கியது தனியார் அறக்கட்டளை. பிறகு வந்த மத்திய அரசு மானியமும் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களுக்கே போனது. கடைசியாக 1996-இன் பெசா சட்டத்தை எடுப்பார். மதுவிலக்கை அமல்படுத்தும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அது தருகிறது. ஆனால் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பகுதியே இல்லை. அத்தோடு கோப்பை மூடிவிடுவார்.

அவர் மூடிய கோப்பில் ஒரு தாள் விடுபட்டிருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 39, 64ஏ, 71 ஆகிய மூன்று பிரிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அது தெரியும். 39-இன்படி நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்புவது, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிறுவனத்துக்கு. 71-இன்படி மையம் அமைப்பதும் அரசு. 1989-இல் சேர்க்கப்பட்டு 2001-இல் மாற்றி எழுதப்பட்ட 64ஏ மட்டும் வேறு மாதிரிப் பேசுகிறது. சிறிய அளவு வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம். அந்தச் சிகிச்சை நிலையம் அரசு 'அல்லது ஓர் உள்ளாட்சி அமைப்பு' நடத்துவதாகவோ அங்கீகரித்ததாகவோ இருக்க வேண்டும்.

வரைவாளர் மனத்தில் மும்பை கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனைகள் இருந்திருக்கலாம். அப்படியானால் பஞ்சாயத்துக்கும் இங்கே வாசல் உண்டு என்ற என் வாதம் பாதி சரியும். ஆனால் 1897-இன் பொது வாசகச் சட்டம் (General Clauses Act) உள்ளாட்சி அமைப்புக்கு வைக்கும் அளவுகோல் ஊரின் பெரிசு சிறிசு அல்ல, உள்ளூர் நிதியை நிர்வகிக்கும் உரிமை. துறைமுக ஆணையர்களைக்கூட அது சேர்த்துக்கொள்கிறது! வீட்டுவரி வசூலித்துக் கணக்கு வைக்கும் பஞ்சாயத்தை வெளியே நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

எனக்கு எதிரான சான்றும் உண்டு. 2014 திருத்தம் 71-இல் 'அமைக்கலாம்' என்றிருந்ததை 'அமைக்கலாம், அங்கீகரிக்கலாம், ஒப்புதல் தரலாம்' என்று விரித்தது. அப்போதும் உள்ளாட்சியைச் சேர்க்கவில்லை. மறந்தார்களா, வேண்டாமென்று விட்டார்களா என்பதை வாசகத்தை மட்டும் வைத்துத் தீர்க்க இயலாது. 2017-இன் மனநலச் சட்டமும் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளை மனநோய் வரையறைக்குள் கொண்டுவந்து, நிலையங்கள் பதிவு பெற வேண்டும் என்கிறது. ஆகவே பஞ்சாயத்தின் அங்கீகாரம் மட்டும் இன்று போதாது.

கும்மிடிப்பூண்டியில் இது இன்னும் விசித்திரமாகிறது. ஊர் பேரூராட்சி, அதற்கு அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை. அதன் ஆறாம் இனம் பொதுச் சுகாதாரம், குப்பை என்பதோடு நின்றுவிடுகிறது. சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளுக்கான பதினொன்றாம் அட்டவணையிலோ, 23-ஆம் இனத்தில் 'மருத்துவமனைகள்' என்ற சொல்லே இருக்கிறது. எளாவூர் சோதனைச் சாவடியில் சிறு பொட்டலத்தோடு பிடிபடுபவர் 64ஏ-யைக் கேட்கலாம். குவார்ட்டருக்குக் கூலியைத் தொலைத்தவரை அந்தப் பிரிவு தொடுவதே இல்லை. அவர் விஷயத்தில் என் ஆசிரியர் சொன்னதுதான் இன்னும் சரி.